சண்டை வராத தளம்

எங்க கடையில விட்ட மூச்சு விட்ட இடத்துலயே தங்க ஆரம்பிச்சது ஒரு ஆடி மாசத்துச் செவ்வாக்கிழமை, பகல் பதினோரு மணி இருக்கும், தள்ளுபடிக் கூட்டம் படியில முட்டி மோதி இறங்கிக்கிட்டிருந்த நேரம். ஸ்ரீ மயூரவல்லி பட்டு மாளிகைன்னா மெட்ராஸ்ல தெரியாத ஆளு கிடையாது, மேல அஞ்சு மாடி, கீழ ஒரு தளம், அந்தக் கீழ்த் தளத்துலதான் கல்யாணப் பட்டு, அங்கதான் இந்தச் சொர்ணம் பத்தொம்பது வருஷமா நிக்கேன். நிக்கேன்னா நிஜமாவே நிக்கேன், விக்கிற பொம்பளைக உக்காரக் கூடாதுங்கிறது அங்க எழுதாத சட்டம், வாங்க வாரவங்களுக்குத்தான் மெத்தை வச்ச முக்காலி.

ஏன் அப்படி ஆச்சுன்னு என்கிட்டக் கேக்காதிய. கூரையை ஒட்டி நாலு காத்துப் போக்கி இருந்துச்சு, ஏசிக் குளிர்ச்சி அது வழியா வீணாப் போகுதுன்னு அதுக்கு முந்தின மாசந்தான் பிளைவுட் அடிச்சு மூடி, மேல கண்ணாடியும் பதிச்சாவ. ஆனா இந்த ஊர்ல யாருதான் மூடல, தெருப் பூரா மூடித்தான் வச்சிருக்கான், அங்கல்லாம் தங்காத மூச்சு எங்க தளத்துல மட்டும் ஏன் தங்கிச்சுன்னு எனக்குத் தெரியாது. அன்னைக்குப் பகல்ல குனிஞ்சு பாக்கேன், என் பாதத்தைக் காணோம். அரிசி களைஞ்ச தண்ணி நிறத்துல, வெதுவெதுன்னு, மணமில்லாம, ஒண்ணு தரையில கிடக்கு, ஆளு ஆளுக்கு மூக்கு வாயிலருந்து இறங்கி மெல்லக் கீழ போயி, முன்ன கிடந்ததோட சேந்துக்கிடுது. சாயங்காலம் கணுக்கால் மறைஞ்சுது, புதன்கிழமை முட்டி, வெள்ளிக்கிழமை அம்மனுக்குக் கூழ் ஊத்துற அன்னைக்கு எனக்கு இடுப்பு மட்டம். அங்க வந்து நின்னுக்கிட்டுது, ஏன்னா போறவங்க வாரவங்க புடவை மடிப்புலயும் கட்டைப் பையிலயும் கொஞ்சம் கொஞ்சமா அள்ளிக்கிட்டுப் போனாங்க, இல்லைன்னா கூரையைத் தொட்டிருக்கும், நாங்களும் அத்தோட முடிஞ்சிருப்போம்.

முதல் ரெண்டு நாளு பக்கெட்டு வச்சு மொண்டு பாத்தோம். கூட்டுற பொம்பளைக ரெண்டு பேரு படி ஏறி ஏறித் தெரு ஓரத்துல கொட்டுனாளுவ, அங்க ஒரு காக்கா வந்து உக்காந்து எந்திரிக்காம அப்படியே கழுத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்துச்சு, பூ விக்கிற அம்மா வந்து சண்டை போட்டா, அத்தோட நிறுத்தியாச்சு. முதலாளி வீட்டுலருந்து ஐயரைக் கூட்டி வந்து ஓமம் பண்ணுனாவ, அந்தப் புகையும் போக இடமில்லாம ரெண்டு நாளு எங்க கூடவே குடியிருந்துச்சு. அதுக்குப் பொறவு எல்லாருக்கும் பழகிப் போச்சு. ஊக்கு கீழ விழுந்தா காலால துழாவணும், கொலுசு கழண்டா கழண்டதுதான், கீழ் அலமாரியில இருக்க புடவையை எடுக்கணும்னா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு முங்கி எடுக்கணும், அவ்வளவுதான்னு சொல்லிக்கிட்டோம். மழைத் தண்ணி வீட்டுக்குள்ள வந்தா கட்டிலைச் செங்கல் வச்சு உசத்திட்டு அது மேல உக்காந்து காப்பி குடிக்கிற ஜனம் நம்ம ஜனம், இதுக்கா அசரும்?

ஆனா உடம்புன்னு ஒண்ணு இருக்குல்லா. மத்தியானம் ஆனா நெத்திப் பொட்டு ரெண்டும் தெறிக்கும், கொட்டாவி விட்டு விட்டுத் தாடை வலிக்கும், சும்மா நிக்கையிலயே நெஞ்சு படபடன்னு அடிக்கும், கையில எடுத்த புடவை யாரு கேட்டதுன்னு மறந்து போகும். ஏசி பாக்க வந்த தஸ்தகீர் தம்பி உள்ளங்கை அளவு ஒரு மீட்டரைக் கொண்டு வந்து காட்டுனான். தெருவுல பிடிச்சா நானூத்தி முப்பது. கீழ கொண்டு வந்து அந்த வெள்ளைக்குள்ள அமுத்துனான், எண் ஓடுது ஓடுது, நாலாயிரத்தைத் தாண்டி அணைஞ்சே போச்சு.

"எக்கா, இது கரியமில வாயு. ஆயிரத்துக்கு மேல போனாலே மண்டை மந்தம் தட்டும், யோசனை ஓடாது, யாரு என்ன சொன்னாலும் சரிதான்னு தோணும். இதுல நாள் பூரா நின்னா எப்படிக்கா? அந்தக் காத்துப் போக்கியைத் தொறக்கச் சொல்லுங்க"ன்னான்.

எங்க சூப்பர்வைசர் தனசிங் சார்கிட்டச் சொன்னேன். அவரு என்னை ஏற இறங்கப் பாத்தாரு. "நம்ம மூச்சுதானம்மா. நம்ம மூச்சு நம்மளை என்ன செய்யும்?" அப்படின்னு போயிட்டாரு. மனுசன் பேசுற பேச்சா அது?

அவரு தொறக்காததுக்குக் காரணம் வேற. முக்காலியில உக்காந்தா தலை அந்த மூச்சுக்குள்ள போயிரும் பாத்துக்கோங்க, கொசுவலைக்குள்ள இருக்க மாதிரி முகம் மங்கலாத் தெரியும், அப்படி உக்காந்தவங்க ஒருத்தர் கூட வேண்டாம்னு சொல்றதில்ல. கல்யாணப் புடவை எடுக்கிறதுன்னா சும்மாவா? அரக்கு வேணும்பா ஒருத்தி, அரக்கு எங்களுக்கு ஆகாதும்பா சம்பந்தி, நாத்தனாருக்கு எடுத்ததை விட கரை சின்னதா இருக்குன்னு ஒரு மூக்குச் சிந்தல், எத்தனை கல்யாணம் அந்த முக்காலியிலயே முறிஞ்சு நான் பாத்திருக்கேன். இப்ப உக்காந்து அஞ்சு நிமிசம் ஆனாப் போதும், "இது எப்படி இருக்கு?" "நல்லாருக்கு." "இது?" "இதுவும் நல்லாருக்கு." மாப்பிள்ளை வீடும் பொண்ணு வீடும் கோயில் மாடு மாதிரி சேந்து தலையாட்டி, எடுத்துக் காட்டுன முதல் புடவையையே வாங்கிக்கிட்டு, சிரிச்ச முகமாப் படி ஏறிப் போகும். ஊரு பூரா பேச்சாயிருச்சு. மயூரவல்லியில கீழ சண்டை வராத தளம் ஒண்ணு இருக்காம், அங்க போனா சம்பந்திக ஒத்துப் போயிருதாம்னு திருச்சியிலருந்து, நாகர்கோயில்லருந்து வேன் பிடிச்சு வந்தாவ. சீர்வரிசைப் பேச்சையே அங்க வந்து வச்சுக்கிட்டவங்களும் உண்டு. ஒரு நாளு ஒரு மூணு வயசுப் பிள்ளை தாய் மடியிலருந்து நழுவித் தரைக்குப் போயிருச்சு, தாய்க்காரி தலையாட்டிக்கிட்டே இருக்கா. நான்தான் தூக்கிட்டு ஓடுனேன், உதடு நாவப்பழமா இருந்துச்சு, தெருவுல வச்சு அரை மணி நேரம் விசிறுன பொறவுதான் கண்ணு முழிச்சுது. மறுநாளு படியில ஒரு போர்டு வச்சாவ, குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொள்ளவும்னு. அவ்வளவுதான், வியாபாரம் நடந்துச்சு.

இப்ப ஜெபக்கனியைச் சொல்லணும். சாத்தான்குளம் பக்கத்துப் பிள்ளை, இருபத்தி மூணு வயசு, என்கூட அதே தளத்துல நின்னவ, கடை ஹாஸ்டல்ல எனக்கு அடுத்த பாய். நான் பனை உயரம், அவ நாலரை அடி. எனக்கு இடுப்பு மட்டம்னா அவளுக்குக் கழுத்து. கீழ் அலமாரிக்கு அவளைத்தான் முங்கச் சொல்லுவாவ, குட்டை ஆளுக்குக் குனியுறது லேசாம், கேட்டியளா நியாயத்தை! ஒரு நாளைக்கு எண்பது தடவை முங்கி எந்திரிச்சு, சாயங்காலம் வெளிய வரும்போது அவளுக்கு அவ பேரே ரெண்டாவது தடவை யோசிச்சாத்தான் வரும். கீழ நிக்கையில யாரு என்ன சொன்னாலும் தலையாட்டுவா. இன்னைக்குச் சாப்பாட்டு நேரம் கிடையாதுன்னா ஆட்டுவா, லீவு ரத்துன்னா ஆட்டுவா. கடை அடைச்சு ஹாஸ்டல் மொட்டை மாடிக்குப் போயி ஒரு மணி நேரம் உக்காந்தாத்தான் பழைய ஜெபக்கனி திரும்ப வருவா, வந்துட்டாளோ அவளைப் போல வாயாடி கிடையாது.

அந்த மாடியில நின்னுதான் அவ அப்பா ஆசீர்வாதத்துக்கு போன்ல மூணு மாசமா ஒரே பதிலைச் சொல்லிக்கிட்டிருந்தா. தாய்மாமன் மகன் ரூபனுக்கு அவளைக் கேட்டாவ. முறை மாப்பிள்ளை, உடன்குடியில ஹார்டுவேர் கடை, பாக்க லட்சணமா இருப்பான். ஆனா அவன் தங்கச்சி யாரோ ஒருத்தன்கிட்ட பஸ்ஸ்டாண்டுல நின்னு பேசுனான்னு கதவைச் சாத்தி வச்சு அவ கையை முறிச்சதை, ஜன்னல் வழியாப் பாத்த ஒரே ஆளு ஜெபக்கனி. "எக்கா, அவன் கோவத்துல அடிக்கலக்கா. நிதானமா அடிச்சான், முகத்துல வேர்வை கூட இல்ல. நான் செத்தாலும் அவனுக்குக் கழுத்தை நீட்ட மாட்டேன்"னு என்கிட்டச் சொல்லியிருக்கா.

இவ்வளவும் தெரிஞ்சவதான் நான். தெரிஞ்சும் என் வாய் சும்மா இருந்துச்சா? அவ அம்மா கனகமணி ஒரு நாளு எனக்கு போன் பண்ணி, ஊர்ல யாரோ சொன்னாவளே, உங்க கடையில ஏதோ அதிசயமாமேன்னு கேட்டா. கடைப் பெருமையைப் பேசுற பழக்கம் நாக்குல ஊறிக் கிடக்குல்லா, நான் பாட்டுக்கு அளந்து விட்டேன். "ஆமா மதினி, கீழ உக்காந்தா வேண்டாம்னு ஒரு வார்த்தை எவ வாயிலருந்தும் வராது, சண்டைக்கோழி கூடச் சரின்னு சொல்லும்"னேன். அவ "அப்படியா"ன்னா. எனக்கு உறைக்கவே இல்ல, பத்தொம்பது வருஷம் அந்தக் குழியில நின்ன மண்டைதான.

ஆவணி பொறந்த முதல் திங்கக்கிழமை, பகல் பன்னெண்டு மணிக்குப் படியில ஆளுக இறங்குது. முன்னால ஆசீர்வாதம், பின்னால கனகமணி, அவளுக்குப் பின்னால அவ அண்ணன், அண்ணன் பொண்டாட்டி, கடைசியா ரூபன். எனக்கு அப்பத்தான் உறைச்சுது. அவங்க சனத்துல கல்யாணப் பட்டு எடுத்து, பொண்ணு தோள்ல போட்டு, ரெண்டு வீட்டுப் பெரியாளும் சரின்னுட்டா, பேச்சு முடிஞ்ச மாதிரி. அதுக்கு மேல மாட்டேன்னு சொன்னா, ரெண்டு குடும்பத்தையும் நடுத்தெருவுல நிறுத்துனவன்னு ஆயிரும்.

எல்லாரும் முக்காலியில உக்காந்தாவ. வெள்ளைக்குள்ள தலை அஞ்சும் மங்கிப் போச்சு. "வாட்டி, நீயும் உக்காரு, இன்னைக்கு நீ கஸ்டமரு"ன்னு அவ அத்தை கையைப் பிடிச்சு இழுத்தா. தனசிங் சாரே வந்து, "உக்காரும்மா, இன்னைக்கு மட்டும்"னு பெரிய மனசு பண்ணுனாரு. ஜெபக்கனி உக்காந்தா. மூணாவது மூச்சுலயே கண்ணு சொருக ஆரம்பிச்சுது.

"சொர்ணம், கிரீம் கலர்ல ஜரிகை போட்டதை எடு"ன்னாரு சார். என் கை எடுத்துருச்சு. நான் அதைச் சொல்லியே ஆகணும், என் கைதான் எடுத்துது. உதறி, மடிப்பு எடுத்து, அந்தப் பிள்ளை தோள்ல போட்டு, கண்ணாடிப் பக்கம் திருப்புனதும் நான்தான்.

"பிடிச்சிருக்காம்மா?" ஆசீர்வாதம் கேட்டாரு.

ஜெபக்கனி தலையாட்டுனா.

"மாப்பிள்ளையையும் பிடிச்சிருக்கான்னு கேளுங்க, எல்லாம் ஒரே வேலையா முடியட்டும்"னு கனகமணி சொன்னா, குரல் தூக்கத்துல பேசுற மாதிரி இருந்துச்சு. அவளும் அதுக்குள்ளதான இருந்தா.

அதை அவரு கேக்குறதுக்குள்ள நான் குறுக்க விழுந்தேன். "இதுக்குப் பொருத்தமான ரவிக்கைத் துணி மேல இருக்கு, பொண்ணு வந்து பாத்தாத்தான் ஆகும்"னேன். அங்க யாரு என்ன சொன்னாலும் சரிதான, அஞ்சு பேரும் தலையாட்டுனாவ. புடவை தோள்ல கிடக்க அவளைக் கைத்தாங்கலா இருபத்தி ரெண்டு படியும் ஏத்தி, வாசக் கதவைத் தள்ளித் தெருவுல கொண்டு நிறுத்துனேன். பஸ் புகை, சாக்கடை வாடை, கரும்புச் சாறு மெஷின் சத்தம், அந்த நாறக் காத்துதான் எங்களுக்கு அமிர்தம். குடி குடின்னு முதுகைத் தடவி விட்டேன். பத்து நிமிசம் ஆச்சு. அவ கண்ணு மெல்லத் தெளிஞ்சுது, தோள்ல கிடக்க பட்டைப் பாத்தா.

"எக்கா, நான் சரின்னு சொல்லிட்டனா?"

"புடவைக்குச் சொல்லிட்ட. அவனுக்கு இன்னும் சொல்லல. ஓடிருட்டி, இப்படியே ஓடிரு."

"ஓடுனா நாளைக்கு ஹாஸ்டலுக்கு வருவாவ, அடுத்த மாசமும் இங்கயே கூட்டிட்டு வந்து உக்கார வைப்பாவ. இல்லக்கா. அங்கயே போயிச் சொல்லுதேன்."

"அங்க எப்படிட்டி சொல்லுவ? கேட்டதும் உன் தலை தானா ஆடும்."

"மேலருந்தே மூச்சைக் கொண்டு போறேன். ஒரு வார்த்தைக்குத் தாங்கும்."

எத்தனை தடவை முங்கி எந்திரிச்சவ அவ! கண்ணை மூடி, நெஞ்சு புடைக்கத் தெருக்காத்தை இழுத்தா, வாயைப் பூட்டிக்கிட்டா, படி இறங்குனா. நானும் இழுத்துக்கிட்டு அவ பின்னாலயே போனேன். பத்தாவது படியில அவ கழுத்து நரம்பு எந்திரிச்சு நிக்குது, இருபதாவது படியில முகம் செவந்து போச்சு, கூட்டத்தை விலக்கிக்கிட்டுப் போயி, பழைய முக்காலியில உக்காந்து, வெள்ளைக்குள்ள தலையைக் கொடுத்தா. ஆசீர்வாதம் மெல்லத் திரும்பி, "ரூபனைக் கட்டிக்கிடச் சம்மதமா பிள்ள?"ன்னு கேட்டாரு.

"சம்மதமில்ல. இவன் எனக்கு வேண்டாம்."

அந்தத் தளத்துல ஒரு மாசமாக் கேக்காத வார்த்தை. அவ வாயிலருந்து போன காத்து அந்த வெள்ளையில ஒரு ஓட்டை போட்ட மாதிரி கொஞ்ச நேரம் தெளிவா நின்னுச்சு. அந்தக் குழியில யாரும் எதுக்கும் மறுப்புச் சொல்ல முடியாதே, இதுக்கு மட்டும் எப்படிச் சொல்லுவாவ? ஆசீர்வாதம் தலையாட்டுனாரு. "சரிம்மா, வேண்டாம்." கனகமணி தலையாட்டுனா. அவ அண்ணன், "அதுவும் நல்லதுதான்"னாரு. அத்தை, "வேண்டாம்னா வேண்டாந்தான"ன்னா. ரூபன் கூட அழகாச் சிரிச்சுக்கிட்டுத் தலையாட்டுனான், பாத்த எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேந்து வந்து நான் பிடிச்சு வச்சிருந்த மூச்சு போயே போச்சு. ஜெபக்கனி தோள்ல கிடந்த பட்டை எடுத்து மேசையில வச்சா, அவங்க அஞ்சு பேரையும் கையைப் பிடிச்சுப் படியில ஏத்தி வெளிய கூட்டிட்டுப் போனா. நானும் போனேன்.

தெருவுல வந்து கால் மணி நேரத்துல முதல்ல முழிச்சது அத்தைக்காரி. "ஏய், அவ கீழ என்ன சொன்னா?"ன்னு கத்துனா. பொறவு ஒவ்வொருத்தருக்கா ஞாபகம் வருது. ரூபன் மூஞ்சி கறுத்துப் போச்சு. கனகமணி புருசன் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு, "அது கணக்குல சேத்தி இல்ல! அந்தக் காத்துல மண்டை மயங்கிச் சொல்லிட்டா, பிள்ளைக்கு அறிவு இல்ல அப்ப"ன்னா. எந்த மயக்கத்துல சரின்னு சொல்ல வைக்க வேன் பிடிச்சு வந்தாளோ, அதே மயக்கத்து மேல பழியைப் போடுதா, என்ன சொல்ல!

"அப்ப இப்பச் சொல்லு"ன்னாரு ஆசீர்வாதம். கை ஓங்கியாச்சு. "தெளிஞ்சு நிக்கல்லா இப்ப. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

கீழ நல்ல காத்து இல்ல, ஆனா எதிர்த்துப் பேச ஆளும் இல்ல. இங்க காத்துக்குப் பஞ்சமில்ல, சுத்தி நிக்க அஞ்சு பேரும் முழிச்சுக்கிட்டு நிக்காவ. "எனக்கு அவன் வேண்டாம்பா"ன்னா ஜெபக்கனி. அடி விழுந்துச்சு. கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டே, "வேண்டாம்"னா. ரெண்டாவது அடி. கரும்புச் சாறுக்காரன் மெஷினை நிறுத்திட்டுப் பாக்கான், பூக்கார அம்மா எந்திரிச்சு வாரா. மூணாவது தடவை அவ சொன்னப்போ குரல் நடுங்கல. அவரு கை அப்படியே நின்னுருச்சு. யாரும் சரின்னு சொல்லல. அவ யாரும் சொல்லட்டும்னு காத்துக்கிட்டு நிக்கவும் இல்ல, முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிட்டு, செருப்பு கூட இல்லாம பஸ் ஸ்டாப்பைப் பாத்து நடந்தா.

"எக்கா, வாறியளா?"ன்னு திரும்பி ஒரு தடவை கேட்டா.

அதே நேரம் படியிலருந்து தனசிங் சார் தலையை நீட்டி, "சொர்ணம், கீழ கஸ்டமர் நிக்காங்க, வா"ன்னாரு.

போகணும்னுதான் நெனச்சேன், சத்தியமா. வாயில அந்த வார்த்தை இருந்துச்சு. வெயில் அடிக்கிற தெருவுலதான் நின்னேன், காத்தும் நல்லாத்தான் வீசுச்சு. ஆனா அவரு பக்கம் என் தலை ஆடிருச்சு.